ஏற்றுமதியின் மிச்சம்: ஹாங்காங்கில் பயணிகள் உடை வாங்கிய வரலாறு

கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு நல்ல உடை வாங்க நினைத்த வெளிநாட்டுப் பயணிகளுக்கு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹாங்காங் பேர்போன ஊர். விமானம் மாறுவதற்காக இரண்டு நாள் தங்கியவர், கப்பலிலிருந்து இறங்கிய மாலுமி, போர்முனையிலிருந்து விடுப்பில் வந்த சிப்பாய், முதுகில் மூட்டையோடு ஆசியாவைச் சுற்றிய மாணவர் என ஒவ்வொருவருக்கும் ஏற்ற கடையோ தெருவோ அங்கே இருந்தது. இந்த மலிவைப் பயணிகள் தங்கள் பேரத் திறமையின் பலனாகவே நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது அவர்களை யாரும் மனதில் வைக்காமல் நடந்த காரியங்களால் வந்தது. ஒரு துறைமுகத்தின் வரிச்சலுகை, சீனாவின் உள்நாட்டுப் போர், மேலைநாடுகள் தம் நெசவாலைகளைக் காக்கப் போட்ட இறக்குமதிக் கட்டுப்பாடு ஆகிய இவை மிச்சம் வைத்ததுதான் பயணியின் பெட்டிக்குள் போனது.

வரிச்சலுகைதான் இவற்றில் பழையது. 1841-இல் ஹாங்காங் தீவைப் பிடித்த கையோடு பிரித்தானியர் அதைத் தீர்வையில்லாத் துறைமுகமாக அறிவித்தார்கள். பிற்காலத்தில் மது, புகையிலை, எரிபொருள் போன்ற சிலவற்றுக்குத் தீர்வை வந்தது, துணிக்கு வரவில்லை. விற்பனை வரியும் கிடையாது. பிரிட்டனிலோ 1940 முதல் 1973 வரை கொள்முதல் வரி என்ற ஒன்று துணிமணி மீதும் இருந்தது. ஆகவே யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டில் நெய்த கம்பளித் துணியைப் பாதி உலகம் தாண்டி ஹாங்காங்குக்குக் கொண்டுவந்து தைத்தாலும், லண்டனில் தைப்பதைவிடச் செலவு குறைவு என்ற விசித்திரம் சாத்தியமாயிற்று. தையல்கூலி இந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கியது.

நீராவிக் கப்பல் காலத்திலேயே பயணிகளுக்குத் துணி விற்கும் தொழில் அங்கே வேரூன்றிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வந்தவர்கள் வெப்பநாட்டுக்கு ஏற்ற வெள்ளை டிரில் கோட்டுகளைச் சீனத் தையற்காரர்களிடம் தைத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பும்போது பட்டு வாங்கினார்கள். பட்டுக் கடைகளில் பல சிந்திகளுடையவை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஹைதராபாத் நகரத்து வணிகர்களான இவர்கள் ‘சிந்துவொர்க்கி’ என்று அழைக்கப்பட்டார்கள். எகிப்திலிருந்து ஜப்பான்வரை கப்பல் நிற்கும் துறைமுகம் ஒவ்வொன்றிலும் கிளை வைத்து, பயணிகளுக்கே கைவினைப் பொருளும் பட்டும் விற்பது இவர்களின் முறை. உள்ளூர்க்காரர் இவர்களின் முதல் வாடிக்கையாளர் அல்லர். கரையிறங்கி ஓரிரு நாளில் போய்விடும் மனிதரை நம்பி வியாபாரம் செய்வதில் தேர்ந்த இந்தக் கூட்டம், பிற்பாடு ஹாங்காங்கின் தையல் தொழிலில் பெரும் பங்கு வகிக்கப்போகிறது.

பேரம் பேசாத கடையும் அதே ஊரில் சீக்கிரமே வந்துவிட்டது. மா யிங்-பியாவ் என்பவர் ஆஸ்திரேலியாவில் பிழைத்துத் திரும்பியவர். சிட்னியின் பெரிய கடைகளில் ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, 1900-இல் குவீன்ஸ் சாலையில் சின்சியர் என்ற பல்பொருள் அங்காடியைத் தொடங்கினார். கறார் விலை, விற்ற பொருளுக்கு ரசீது என்பவை அப்போது சீன வணிகத்தில் புதுமை. 1907-இல் விங் ஆன் அதே வழியில் வந்தது. ஆக, ஹாங்காங்கில் தெருக்கடைப் பேரம் என்பது வேறு வழி தெரியாத பழங்காலத்தின் எச்சம் அல்ல. கறார் விலைக் கடை பக்கத்திலேயே இருந்தும், அதற்கு இணையாக வளர்ந்த தனி உலகம் அது.

இந்தச் சிறிய தொழில் பெருந்தொழில் ஆனதற்குக் காரணம் 1940களின் இறுதியில் ஷாங்காயிலிருந்து வந்த மனிதர்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்பு முடிந்த 1945-இல் ஹாங்காங்கின் மக்கள்தொகை ஏறத்தாழ ஆறு லட்சம். சீனாவில் கம்யூனிஸ்டுகள் வென்ற பிறகு, 1950 வாக்கில் அது இருபது லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் நூற்பாலை முதலாளிகள் இருந்தார்கள். ஷாங்காய்க்கென வெளிநாட்டில் வாங்கிய புது இயந்திரங்களை வழியிலேயே ஹாங்காங்குக்குத் திருப்பிவிட்டவர்கள் அவர்கள். ஷாங்காயில் வெள்ளையருக்குக் கோட்டு சூட்டு தைத்துப் பழகிய மாஸ்டர்களும் வந்தார்கள். ‘செந்தலையர்’ என்று சீனர் கேலியாகச் சொன்ன ஐரோப்பியருக்குத் தைத்ததால் ‘ஹோங் பாங்’, அதாவது செங்குழு, என்று பெயர் பெற்ற பரம்பரை அது. கேன்வாஸ் வைத்துக் கையால் தைப்பது, தோளை மட்டம் பிடிப்பது, இஸ்திரிப் பெட்டியாலேயே துணிக்கு வடிவம் கொடுப்பது எல்லாம் இவர்கள் கைவந்த வித்தை. ஷாங்காயில் வாடிக்கையாளர் போய்விட்டார்கள். ஹாங்காங்கில் ஊசியும் கத்தரியும் தவிர வேறு முதல் இல்லாத நூற்றுக்கணக்கான மாஸ்டர்கள் வேலைக்குக் காத்திருந்தார்கள்.

இவர்களுக்கும் பயணிக்கும் நடுவில் நின்றவர்களில் முக்கியமானவர்கள் சிந்திகள். 1947 பிரிவினையில் சொந்த ஊரை இழந்தபின் வெளித்துறைமுகங்களையே ஊராக்கிக்கொண்ட குடும்பங்கள் இவை. தீவுக்கு எதிர்க்கரையான கவ்லூனில் நேத்தன் சாலையை ஒட்டிய சிம் ஷா சூய் பகுதியில் இவர்களின் கடைகள் வரிசையாக எழுந்தன. 1957-இல் சாம் மெல்வானி தொடங்கிய சாம்ஸ் டெய்லர் இவற்றுள் உலகப் புகழ் பெற்றது. பிரித்தானியப் படையினருக்குச் சீருடை தைப்பதில் ஆரம்பித்து, அரச குடும்பத்தினரும் அரசியல் தலைவர்களும் தேடிவரும் சிறு கடையாக அது வளர்ந்தது. ஆங்கிலம் பேசி, துணியை விரித்துக் காட்டி, அளவெடுத்து, முன்பணம் வாங்குவது கடைக்காரர் வேலை. வெட்டுவதும் தைப்பதும் பெரும்பாலும் பின்கட்டிலோ மாடியிலோ இருந்த ஷாங்காய், கான்டன் மாஸ்டர்களின் வேலை. கூலி பீஸ் கணக்கு. வாடிக்கையாளரும் மாஸ்டரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரு சூட்டு உருவாகிவிடும்.

‘இருபத்துநான்கு மணி நேரச் சூட்டு’ இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. காலையில் அளவு, மாலையில் ட்ரையல், இரவெல்லாம் தையல், மறுநாள் காலை டெலிவரி. ஒரே சூட்டை நாலைந்து பேர் பிரித்துக்கொள்வார்கள்: கோட்டு ஒருவர், கால்சட்டை இன்னொருவர், காஜா எடுக்க ஒருவர். அவசரத்துக்குக் காரணம் வாடிக்கையாளரின் கால அவகாசம். கப்பல் இரண்டு நாளில் போய்விடும். 1958-இல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கை டாக் விமான ஓடுபாதை ஜெட் விமானங்களைக் கொண்டுவந்தபின், பயணியின் தங்கல் இன்னும் சுருங்கியது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கிடைத்த ஓய்வு விடுப்பும் சில நாள்தான். சண்டையிலிருந்து வந்தவன் வான் சாயிலும் சிம் ஷா சூயிலும் முதலில் செலவழித்த இடங்களில் தையற்கடையும் ஒன்று. சம்பளம் சேர்ந்து கையில் இருக்கும். ஊருக்குப் போனால் போட ஒரு நல்ல கோட்டு வேண்டும்.

மலிவுக்கு விலை உண்டு. நன்றாகத் தைத்த கோட்டின் மார்புப் பகுதியில் குதிரைமயிர் கலந்த கேன்வாஸை ஆயிரக்கணக்கான சிறு தையல்களால் பொருத்த வேண்டும். அதற்கே ஒருநாள் போய்விடும். அவசர வேலையில் பசை தடவிய துணியை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். கடையில் கண்ணாடி முன் நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. சில சலவைக்குப் பிறகு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்போது கடை பல ஆயிரம் மைல் தொலைவில் இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் நாலைந்து நாள் அவகாசம் கொடுத்து, இரண்டு ட்ரையலாவது பார்த்தார்கள். தங்கள் பழைய கோட்டு ஒன்றைக் கொண்டுபோய் அதைப் போலவே தைக்கச் சொன்னவர்கள் இன்னும் புத்திசாலிகள். கடைகளும் அளவுக் குறிப்பைப் பத்திரப்படுத்தி வைத்தன. ஊர் போனபின் கடிதம் எழுதினால் இன்னொரு சூட்டு தபாலில் வரும். சில சிந்திக் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களுக்குத் துணி மாதிரிகளோடு போய், ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஆர்டர் எடுத்தார்கள். முதல் சூட்டை மலிவாகக் கொடுத்தது இந்தத் தொடர்ச்சியை நம்பித்தான்.

அமெரிக்கருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. கொரியப் போரில் சீனா இறங்கியதும், 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தைத் தடை செய்தது. சீனப் பட்டோ ஜரிகைத் துணியோ ஊருக்குள் வரக்கூடாது. ஹாங்காங்கில் வாங்கியது சீனப் பொருள் அல்ல என்று காட்ட, ஹாங்காங் அரசு வழங்கிய முழுமூலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் உள்ள கடை என்ற அறிவிப்பே அமெரிக்கரை இழுக்கும் விளம்பரமாக இருந்தது. 1969 ஜூலையில் நிக்சன் அரசு, சுற்றுலாப் பயணி நூறு டாலர்வரை சீனப் பொருள் கொண்டுவரலாம் என்று தளர்த்தியபிறகே இந்தக் கெடுபிடி குறையத் தொடங்கியது.

தடை இல்லாத மற்ற நாட்டவர் நேரே சீனப் பொருள் அங்காடிகளுக்குப் போனார்கள். 1959-இல் தொடங்கிய யூ ஹ்வா இவற்றில் ஒன்று. மாவோவின் சீனா அந்நியச் செலாவணிக்காக அனுப்பிய சரக்கு இங்கே குவிந்திருந்தது: பஞ்சு வைத்துத் தைத்த குளிர்ச் சட்டை, பட்டு உள்ளாடை, காஷ்மீரக் கம்பளி ஸ்வெட்டர், கைவேலை செய்த மேசை விரிப்பு. விலை ஒட்டியிருக்கும், பேரம் இல்லை. விற்பனையாளர் சிரித்து வரவேற்பதும் இல்லை. வெட்டு நாகரிகமாக இராது, ஆனால் துணி கனமாக, நேர்மையாக இருக்கும். குறைந்த செலவில் ஊர் சுற்றிய இளைஞர்களுக்கு இது சிம் ஷா சூய் தையற்கடையைவிட நம்பகமான இடம்.

அடுத்த கட்டம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இதைப் புரிந்துகொள்ளத் திருப்பூரில் காதர்பேட்டையைப் பார்த்தவர்களுக்குச் சிரமம் இராது. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்ததில் மிஞ்சியதும் கழிந்ததும் மலிவாக விற்கும் தெரு அது. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் என்ற சொற்கள் அங்கே அன்றாடப் புழக்கம். ஹாங்காங்கில் அதே வகை வியாபாரம் 1970களிலும் 1980களிலும் ஒரு நகரம் முழுக்கப் பரவியிருந்தது.

1950களில் ஹாங்காங்கின் ஆலைகள் பிரிட்டனுக்குச் சட்டைகளும் பருத்தித் துணியும் ஏராளமாக அனுப்பின. லங்காஷயர் ஆலைகள் கூக்குரலிட்டன. 1959-இல் ஹாங்காங் ஆலைகள் தம் ஏற்றுமதிக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டதாக ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. தாமே என்பது மரியாதைக்குச் சொன்ன சொல். அமெரிக்கா 1961-இல் குறுகிய கால ஏற்பாடு ஒன்றையும், 1962-இல் நீண்ட கால ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. 1974-இல் இவை எல்லாம் பல்லிழை ஒப்பந்தம் என்ற பெரிய வலைக்குள் வந்தன. பருத்தியோடு கம்பளியும் செயற்கை இழையும் அதில் சேர்ந்தன. இந்த வகைச் சட்டை இந்த நாட்டுக்கு ஆண்டுக்கு இத்தனைதான் என்பது கோட்டா. முந்தைய ஆண்டுகளில் ஏற்றுமதி செய்தவருக்கே அது கிடைக்கும்; வேண்டாதவர் மற்றவருக்கு விற்கலாம். தைப்பதைவிடக் கோட்டாவை விற்பதில் லாபம் கண்ட முதலாளிகளும் உண்டு.

ஹாங்காங்கை ஒடுக்க வந்த கோட்டா, அதை உயர்த்திவிட்டது. எண்ணிக்கைக்குத்தான் வரம்பு, மதிப்புக்கு இல்லை. பத்தாயிரம் சட்டைதான் அனுப்ப முடியும் என்றால், ஒரு சட்டைக்கு அதிகம் கிடைக்கிற ஆர்டரை எடுப்பதே கெட்டிக்காரத்தனம். மலிவுச் சட்டை தைத்துக்கொண்டிருந்த ஆலைகள் பத்து, பதினைந்து ஆண்டுகளில் நியூயார்க், லண்டன் கடைகளின் பெயர்பெற்ற பிராண்டுகளுக்குத் தைக்க ஆரம்பித்தன. 1970களில் உலகின் முன்னணி ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர் வரிசையில் இந்தச் சிறிய நிலப்பரப்பு நின்றது. ஆலையின் மிச்சத்துக்கும் அதே தரம் வந்தது.

மிச்சம் எப்படி வந்தது? ஐயாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் ஆலை சரியாக ஐயாயிரம் வெட்டாது. சாயம் பிசகும், தையல் கோணும், பரிசோதனையில் கழியும் என்று கொஞ்சம் கூடுதலாகவே வெட்டும். கழிவு குறைவாக இருந்தால் நல்ல பீஸ்கள் மிஞ்சும். வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்தால் மொத்தமும் நின்றுவிடும். மாதிரிக்குத் தைத்தவை தனி. மிஞ்சியதை அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பக் கோட்டா இடம் கொடுக்காது. ஆகவே அடக்கவிலைக்கும் கீழே உள்ளூரில் தள்ளிவிடுவதே வழி. பிராண்டின் உரிமையாளர் சண்டைக்கு வராமலிருக்க லேபிளைக் கத்தரியால் பாதி வெட்டியோ பேனாவால் கோடு போட்டோ விற்பார்கள். வெட்டுப்பட்ட லேபிளின் மிச்ச எழுத்துகளிலிருந்து பிராண்டைக் கண்டுபிடிப்பது பழகிய வாடிக்கையாளர்களின் சாமர்த்தியம்.

தீவின் தென்கரையில், மீன்பிடி ஊராக இருந்த ஸ்டான்லியின் சந்தை இந்த மிச்சத்தால் பேர் பெற்றது. காரணம் எளிது: மேலைநாட்டு ஆர்டருக்குத் தைத்தவை கான்டன்காரர்களுக்குப் பெரிய அளவு. உள்ளூர்ச் சந்தையில் தோளும் கையும் தொங்கும் சட்டையை யார் வாங்குவார்? ஸ்டான்லியிலோ பக்கத்தில் பிரித்தானியப் படைமுகாம். சுற்றிலும் வெள்ளையர் குடியிருப்புகள். பெரிய அளவுக்கு அங்கே ஆள் இருந்தது. சென்ட்ரல் என்ற மத்திய நகரிலிருந்து 6-ஆம் எண் பேருந்தில் மலைச்சாலை ஏறி இறங்கிப் போவதே பயணிகளுக்கு ஒரு கேளிக்கையாயிற்று. சிம் ஷா சூயில் கிரான்வில் சாலை, சென்ட்ரலில் 1924-இல் கட்டிய பெடர் கட்டடம், ஹங் ஹோமில் கைசர் எஸ்டேட் எனும் தொழிற்சாலைத் தொகுதி ஆகியவையும் இந்த வரிசையில் சேர்ந்தன. கைசர் எஸ்டேட்டில் சரக்குத் தூக்கியில் ஏறி, நூல்கண்டுகளும் அட்டைப்பெட்டிகளும் அடைத்த நடைவழி கடந்து, ஒரு கதவைத் தட்ட வேண்டும். உடை மாற்றிப் பார்க்கும் அறை பல இடங்களில் இல்லை. இவற்றையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க வழிகாட்டி நூல்கள் வந்தன. சூசி கெர்ஷ்மனின் ‘பார்ன் டு ஷாப்’ வரிசையில் ஹாங்காங்குக்கு ஒரு தனி நூல் உண்டு. 1983 செப்டம்பரில், ஹாங்காங்கின் எதிர்காலம் பற்றிய பிரிட்டன்–சீனப் பேச்சு தடுமாறியதில் ஹாங்காங் டாலர் சரிந்தது. அக்டோபரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 என்று கட்டிவைத்தார்கள். உள்ளூர்க்காரருக்குக் கலக்கமான அந்த வாரங்கள், டாலரோடு வந்தவருக்கு மலிவான வாரங்கள்.

இவ்வளவு மலிவுக்குள் அடங்கிய உழைப்பின் கணக்கை வழிகாட்டி நூல்கள் எழுதவில்லை. ஆலைத் தொழிலாளரில் பெரும்பகுதி பெண்கள். அவர்களின் வேலைநேரம் வாரத்துக்கு 48 மணி நேரமாக இறங்கியது 1971-இல்தான். அதுவும் 1967-இல் தொடங்கிப் படிப்படியாக. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் குடிசைத் தீயில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தபின் அரசு கட்டிய மறுகுடியமர்வு அடுக்குகளில், வீட்டுக்கு வீடு பாசிமணி கோத்தலும் பின்னல் வேலையும் நடந்தன. அதுவும் பீஸ் கணக்குதான். குழந்தைகளும் சேர்ந்து செய்தார்கள்.

ஆலை மிச்சத்துக்கு அடுத்த படியில் இருந்தவை தெருச்சந்தைகள். மொங் கொக்கில் துங் சோய் தெருவின் ஒரு பகுதியை 1975-இல் அரசு நடைபாதைக் கடைக்கென ஒதுக்கியது. வளையல், உள்ளாடை, மலிவு ரவிக்கை எனப் பெண்களுக்கான பொருள்களே முதலில் அதிகம் இருந்ததால் அது ‘மாதர் தெரு’ ஆயிற்று. யாவ் மா தேயில் டெம்பிள் தெருவின் இரவுச் சந்தைக்கு அதற்கு எதிராக ‘ஆடவர் தெரு’ என்று பெயர். சட்டை, கால்சட்டை, இடுப்புவார் அங்கே. சென்ட்ரலில் லீ யுவென் கிழக்கு, மேற்கு என்ற இரட்டைச் சந்துகள் அலுவலகப் பெண்களின் மதியச் சந்தை. மொங் கொக்கிலேயே உள்ள ஃபா யுவென் தெருவில் உள்ளூர்க்காரர் தமக்கே வாங்கினார்கள். ஆகவே விலையும் அங்கே சற்று நியாயம். மாதர் தெருவின் கடைகளை நண்பகலில் இரும்புக் குழாய்களால் கட்டி எழுப்பி, நள்ளிரவில் கழற்றி அடுக்கிவிடுவார்கள். கட்டுவதும் கழற்றுவதும் தனியொரு கூலித்தொழில்.

இந்தத் தெருக்களில் பேரம் பேசும் கருவி கால்குலேட்டர். மொழி தெரியாத இருவர் அதை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டு எண்களால் பேசுவார்கள். முதலில் சொல்லும் விலை வாங்குபவரின் முகத்தையும் காலணியையும் பார்த்துச் சொல்வது. பாதியில் ஆரம்பிக்க வேண்டும் என்று சில நூல்கள் எழுதின. அதைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்காக விலையை முன்கூட்டியே இரட்டிப்பாக்கக் கடைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? நடந்து போய்விடுவதுபோல் நாலடி வைப்பதுதான் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கடைசிக் கட்டம். தெருவின் இன்னொரு பக்கம் போலி பிராண்டுகள். 1981 முதல் நடப்பிலிருக்கும் வணிக விவரணச் சட்டத்தின்படி சுங்கத் துறை அவ்வப்போது சோதனை போடும். அப்போது சரக்கு மேசைக்கடியில் போய், படம் ஒட்டிய தொகுப்பு மட்டும் மேலே வரும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சந்தைக்கும் இருந்த இணைப்பு ‘குருவி’கள். இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் செயற்கை இழைத் துணிக்கும் வெளிநாட்டுச் சட்டைக்கும் சென்னையில் இருந்த பசி பெரிது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் தோன்றிய பர்மா பஜார், ‘ஃபாரின் சாமான்’ என்றாலே நினைவுக்கு வரும் இடம். விமானப் பயணி கொண்டுவரலாம் என்ற பெட்டி வரம்பைப் பயன்படுத்தி, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் பாங்காக்குக்கும் பறந்து போய்ச் சரக்கோடு திரும்புவதே தொழிலாகக் கொண்டவர்கள் குருவிகள். பயணச்சீட்டு வியாபாரியின் செலவு, குருவிக்கு நடைக்கூலி. இந்தியர் விசா இல்லாமல் 14 நாள் ஹாங்காங்கில் தங்கலாம் என்ற சலுகை இதற்குக் கைகொடுத்தது. 2017 முதல் அதற்கு முன்பதிவு கட்டாயமாயிற்று. இவர்களில் பலர் தங்கிய இடம் நேத்தன் சாலையில் 1961-இல் கட்டிய சுங்கிங் மேன்ஷன்ஸ். பதினேழு மாடி, ஐந்து கோபுரம், நூற்றுக்கணக்கான மலிவு அறைகள். கீழ்த்தளத்தில் மொத்தத் துணிக்கடைகள். ஆப்பிரிக்க வணிகர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். மானிடவியலாளர் கோர்டன் மேத்யூஸ் 2011-இல் இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். பட்ஜெட் பயணியும் குருவியும் ஒரே மின்தூக்கிக்கு வரிசையில் நின்ற இடம் அது.

ஆலைகள் போய்விட்டது ஒரே நாளில் அல்ல. 1980-இல் எல்லைக்கு அப்பால் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. அங்கே கூலி ஹாங்காங்கின் ஒரு சிறு பங்கு. முதலில் பின்னலும் பொத்தான் வேலையும் எல்லை தாண்டின, பிறகு தையல், கடைசியில் வெட்டும் மேசையே போயிற்று. ஹாங்காங்கில் ஆர்டரும் கணக்கும் கப்பல் ஏற்றமும் மட்டும் மிஞ்சின. கோட்டா ஹாங்காங்கின் பெயரில் இருந்ததால் ஓரளவு வேலை அங்கேயே நின்றது. 2005 ஜனவரி 1-இல் கோட்டா முறை முற்றாக ஒழிந்தபோது அந்தக் கடைசிப் பிடியும் விட்டது. உபரி தைக்கும் ஆலை இல்லாத ஊரில் உபரிச் சந்தை எதை விற்கும்? ஸ்டான்லியிலும் மாதர் தெருவிலும் குவாங்சோ மொத்தச் சந்தையிலிருந்து லாரியில் வந்த சரக்கு நிறைந்தது. லேபிளில்லாத சட்டை இப்போதும் உண்டு. அது எந்தப் பிராண்டின் மிச்சமும் அல்ல, பிராண்டே இல்லாத சட்டை.

மலிவு உடையின் நல்ல பகுதியைக் கடைத்தொடர்கள் எடுத்துக்கொண்டன. ஸ்வெட்டர் ஆலை நடத்திய ஜிம்மி லாய் 1981-இல் தொடங்கிய ஜியோர்டானோ, எளிய டி-சட்டையையும் கால்சட்டையையும் கறார் விலையில், கண்ணாடிக் கதவுக்குள் விற்றது. ஏற்றுமதித் தரம் தெரிந்த ஆலைக்காரர் தானே கடை போட்டதால், பேரம் பேசத் தயங்கும் பயணிக்கும் நல்ல சட்டை கிடைத்தது. இன்னும் மலிவு வேண்டியவர்கள் ரயிலேறி லோ வூ எல்லைக்குப் போனார்கள். எல்லைச் சோதனையைத் தாண்டியதும் நிற்கும் லோ வூ வணிக வளாகத்தின் ஐந்தாம் மாடியில் துணிக்கடைகளும் தையற்காரர்களும். சிம் ஷா சூயில் சொன்ன கூலியின் பாதிக்கும் குறைவாகக் கேட்டார்கள். காலையில் அளவு கொடுத்து அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஹாங்காங்வாசிக்கு வசதி. இரண்டு நாள் பயணிக்கு அது உதவவில்லை. அவருக்கு நேத்தன் சாலை வாசலில் நின்று ‘சார், சூட்டு?’ என்று அழைக்கும் ஆள் இன்றும் இருக்கிறார். ஷாங்காய் மாஸ்டர்களின் தலைமுறை முடிந்துவிட்டது. பல கடைகளின் தையல் எல்லைக்கு அப்பால்தான் நடக்கிறது.

2003-இல் சார்ஸ் நோய் சந்தைகளை வெறுமையாக்கிய பிறகு, சீனப் பெருநிலத்தவர் தனியாகச் சுற்றுலா வர அனுமதிக்கும் திட்டம் அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. வந்தவர்கள் தேடியது சொகுசு பிராண்டும் அழகுசாதனமும் பால்மாவும். மலிவுச் சட்டை அவர்கள் ஊரிலேயே கிடைத்தது. கடை வாடகை விண்ணைத் தொட்டது. கிரான்வில் சாலையின் உபரிக் கடைகள் குறைந்துபோயின. 2011 நவம்பர் இறுதியில் ஃபா யுவென் தெருவில் நடைபாதைக் கடைகளில் பற்றிய தீ மேல்மாடிகளுக்குப் பரவி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன்பின் கடைகளின் அளவுக்கும் இடைவெளிக்கும் கடுமையான விதிகள் வந்தன. 2013-இல் 43 நடைபாதைக் கடைப் பகுதிகளைச் சீரமைக்க அரசு உதவித் திட்டம் தொடங்கிற்று. உரிமத்தை ஒப்படைத்து விலகியவர்களுக்கு அதில் பணம் கிடைத்தது. முதியவர்கள் பலர் அதை வாங்கிக்கொண்டு ஓய்வெடுத்தார்கள். ஷாம் சூய் போவில் யென் சோவ் தெருத் துணிச்சந்தை, தையல் படிக்கும் மாணவரும் சிறு வடிவமைப்பாளரும் துணித்துண்டு தேடி வந்த தகரக் கொட்டகை, 2023-இல் மூடப்பட்டு, அந்த இடம் பொதுக் குடியிருப்புக்குப் போயிற்று. பக்கத்தில் கீ லுங் தெருவின் துணிக்கடைகளும் நாம் சோங் தெருவின் நாடாக் கடைகளும் இன்னும் நடக்கின்றன.

பெருந்தொற்றுக்காக மூடியிருந்த எல்லை 2023 தொடக்கத்தில் திறந்தபோது போக்குவரத்தின் திசை தெளிவாகவே திரும்பியிருந்தது. வார இறுதிகளில் ஹாங்காங்வாசிகள் கூட்டம் கூட்டமாக ஷென்செனுக்குப் போய் உடை வாங்கி, சாப்பிட்டு, இரவு ரயிலில் திரும்புகிறார்கள். மாதர் தெருவில் கடை கட்டும் குழாய்கள் நண்பகலில் எழுகின்றன. அங்கே விலை கேட்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள்.